அம்மாவோடு பார்த்த 1922ஆம் வருடப் படம்

'பியாண்ட் த ராக்ஸ்' என்ற ஹாலிவுட் ஊமைப்படத்தை அம்மாவோடு உட்கார்ந்துதான் பார்த்தேன். குளோரியா ஸ்வான்சனும் ருடால்ஃப் வாலண்டினோவும் சேர்ந்து நடித்த ஒரே படம். தொலைந்தே போனது என்று எல்லோரும் கைவிட்ட படமும்கூட.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. வசனத்துக்குப் பதிலாகத் திரையில் எழுத்து அட்டை வரும்போதெல்லாம் நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கொஞ்ச நேரத்துக்கு அப்புறம், "நீ சும்மா இரு, எனக்கே புரியுது" என்றுவிட்டார். குடும்பத்துக்காக வயதான பணக்காரரைக் கட்டிக்கொண்ட பெண், மனம் போனதோ வேறொருவன் மேல். இதற்கு விளக்கம் எதற்கு?

கணவருக்கு ஒன்று, காதலனுக்கு ஒன்று என்று அவள் இரண்டு கடிதம் எழுதுகிறாள். இன்னொருத்தி இரண்டையும் மாற்றிவிடுகிறாள். "ஐயையோ, மாத்திட்டாளே!" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். காதலனிடம் விடைபெறும் கடிதத்தைக் கணவர் படிக்கும்போது அந்தப் பிடி இன்னும் இறுகியது.

சில இடங்களில் படத்தில் கறை கொப்புளம் கொப்புளமாகப் பொங்கி ஓடுகிறது. டிவி கெட்டுவிட்டதா என்று கேட்டார். அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் சுருள் எளிதில் தீப்பிடிக்கும், சும்மா வைத்தாலும் பிசுபிசுத்துக் கடைசியில் பொடியாகிவிடும் என்று சொன்னேன். நெதர்லாந்தில் ஹார்லெம் ஊர்க்காரர் ஒருவர் சேர்த்து வைத்திருந்த துருப்பிடித்த டப்பாக்கள், அவர் இறந்தபின் அந்த நாட்டின் திரைப்பட அருங்காட்சியகத்துக்குப் போயின. அவற்றைப் பிரித்துப் பார்க்கையில்தான் 2003இல் இந்தப் படம் அகப்பட்டது. டச்சு மொழியில் இருந்த அட்டைகளை மறுபடி ஆங்கிலமாக்கி, 2005இல் ஆம்ஸ்டர்டாமில் திரையிட்டார்கள். அதையும் நான் தமிழாக்கியிருக்கிறேன் என்று நினைத்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது.

முத்தக் காட்சிகளைப் பற்றி ஸ்வான்சன் தன் சுயசரிதையில் சொல்லியிருப்பது எனக்கு மிகப் பிடித்த தகவல். அமெரிக்காவில் பத்தடிச் சுருளுக்கு மேல் முத்தம் நீளக்கூடாதாம். அதனால் அமெரிக்காவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று என இரண்டிரண்டு முறை எடுத்தார்களாம். இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

படம் முடிந்ததும், "அந்தப் பொண்ணு இதைத் திரும்பப் பார்த்தாளா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. 1983லயே போயிட்டாங்க."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், கடிதம் மாறுகிற இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார்.