ஜெர்மனி: மாணவர் அனுமதி அக்டோபரில் முடிகிறது, ப்ளூ கார்டுக்கு டெர்மின் (சந்திப்பு நேரம்) டிசம்பரில்தான். நவம்பரில் வேலைக்குச் சேர முடியுமா?

கொங்குத்தம்பி (2025 செப்டம்பர்)

எல்லோருக்கும் வணக்கம். பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் மெக்கட்ரானிக்ஸ் முதுகலை முடித்திருக்கிறேன். தீசிஸ் மதிப்பெண் ஆகஸ்டில் வந்தது. ஒரு கம்பெனியில் ஆண்டுக்கு 46,000 யூரோ சம்பளத்தில் வேலை கிடைத்து, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. நவம்பர் 1 அன்று சேர வேண்டும்.

என் மாணவர் குடியிருப்பு அனுமதி அட்டை அக்டோபர் 15 அன்று காலாவதி ஆகிறது. எங்கள் ஊர் வெளிநாட்டவர் அலுவலகமான அவுஸ்லெண்டர்பெஹோர்டேயில் டிசம்பர் நடுவில்தான் டெர்மின் கிடைத்தது. அலுவலகத்துக்கு நேரில் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள்.

கம்பெனி ஹெச்ஆர் இரண்டு விஷயம் சொல்கிறார். சம்பளம் 48,300க்குக் கீழே இருப்பதால் ப்ளூ கார்டு (பட்டதாரிகள் இங்கே தங்கி வேலை செய்யத் தரும் அனுமதி) கிடைக்காதாம். கையில் அட்டை இல்லாமல் சேர்க்கவும் முடியாதாம். அக்டோபர் 15க்குப் பிறகு நான் இங்கே இருப்பதே சட்டப்படி சரியா? வீட்டில் கல்விக்கடன் தவணை தொடங்கப் போகிறது, தூக்கமே வரவில்லை. தை மாதம் தங்கை கல்யாணம் வேறு இருக்கிறது. டிக்கெட் போடலாமா?

நெக்கர்க்கரை

தம்பி, முதலில் பதற்றத்தை விடுங்கள். இங்கே பட்டம் வாங்கியவருக்கு, மற்ற நிபந்தனைகள் சரியாக இருந்தால், வேலை தேடவே 18 மாத அனுமதி தரும் சட்டம் இது. உங்கள் கையில் வேலையே இருக்கிறது. யாரும் உங்களை ஊருக்கு அனுப்பப் போவதில்லை.

ஆனால் ஒரு காரியத்தை இந்த வாரமே செய்யுங்கள். டெர்மின் பதிவு செய்ததையே விண்ணப்பம் என்று நினைத்து இருந்துவிடாதீர்கள். விண்ணப்பம் தனியாகப் போய்ச் சேர வேண்டும், அதுவும் அக்டோபர் 15க்கு முன்னால். உங்கள் ஊரில் ஆன்லைன் படிவம் இருந்தால் அதில் போடுங்கள். இல்லாவிட்டால் "ப்ளூ கார்டுக்கு விண்ணப்பிக்கிறேன், என் அனுமதி இந்தத் தேதியில் முடிகிறது, ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங் வேண்டும்" என்று நான்கு வரிக் கடிதம் போதும். ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங் என்பது முடிவு வரும்வரை தரும் இடைக்காலச் சான்று. மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், ஐன்ஷ்ரைபன் என்ற பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

காலாவதிக்கு முன் விண்ணப்பம் போய்விட்டால், குடியிருப்புச் சட்டம் பிரிவு 81, உட்பிரிவு 4இன்படி, அவர்கள் முடிவு சொல்லும்வரை உங்கள் பழைய அனுமதி தொடர்வதாகவே கணக்கு. அவர்கள் தாமதம் செய்தாலும் நீங்கள் சட்டப்படிதான் இருக்கிறீர்கள். ஒரு நாள் பிந்தினால் இந்தப் பாதுகாப்பு தானாக வராது, அவர்கள் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டும்.

இணைப்பில் பாஸ்போர்ட், அட்டையின் இரண்டு பக்கம், அதோடு நிபந்தனைகள் எழுதிக் கொடுத்த பச்சைத் தாள், வேலை ஒப்பந்தம், தேர்ச்சிச் சான்று, காப்பீட்டுச் சான்று எல்லாம் வையுங்கள். பட்டம் அச்சாகி வராவிட்டால் தேர்வு அலுவலகத்திடம் கடிதம் வாங்கி வையுங்கள். அப்புறம், கம்பெனி நிரப்பித் தர வேண்டிய "எர்க்லேருங் சும் பெஷெஃப்டிகுங்ஸ்ஃபெர்ஹெல்ட்னிஸ்" என்ற வேலை விவரப் படிவம். பல பேருடைய கோப்பு இது ஒன்று இல்லாமல்தான் மேசையில் தூங்குகிறது.

சுடர்மதி

நான் ஹெச்ஆரில்தான் இருக்கிறேன். உங்கள் ஹெச்ஆர் பாதி விதியை மட்டும் படித்திருக்கிறார். 2025க்கு 48,300 என்பது பொது வரம்பு. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கும், பட்டம் பெற்று மூன்று ஆண்டு தாண்டாதவர்களுக்கும் வரம்பு 43,759.80 யூரோதான். நீங்கள் பொறியாளர், புதிதாகப் பட்டம் வாங்கியவரும்கூட. 46,000 தாராளமாகப் போதும்.

ஒரே வித்தியாசம், குறைந்த வரம்பில் போனால் வேலைவாய்ப்பு முகமையான புண்டெஸ்அகென்டூரின் ஒப்புதல் வேண்டும். அதை வெளிநாட்டவர் அலுவலகமே உள்ளுக்குள் கேட்டுவிடும். கேட்டு இரண்டு வாரத்துக்குள் முகமை பதில் சொல்லாவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகவே அர்த்தம். இன்னொரு வழியும் உண்டு. கம்பெனியே முகமையிடம் முன்கூட்டி ஒப்புதல் வாங்கி உங்கள் கோப்பில் சேர்க்கலாம். ஹெச்ஆரிடம் இதைச் செய்யச் சொல்லுங்கள், நேரம் மிச்சமாகும்.

அட்டை இல்லாமல் சேர்க்க முடியாது என்பதில் மட்டும் அவர் பாதி சரி. அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தால் கம்பெனிக்கு அபராதம் விழும், அதனால் பயப்படுகிறார். ஆனால் பிளாஸ்டிக் அட்டைதான் வேண்டும் என்பதில்லை. வேலை செய்யலாம் என்று எழுதிய ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங் போதும்.

மெயின்நதி

நவம்பரில் வெர்க்ஸ்டூடன்ட்டாக, அதாவது படித்துக்கொண்டே வேலை பார்ப்பவராக, சேர்ந்துவிடுங்கள் ப்ரோ. மாணவர் அனுமதியில் ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்யலாமே. என் நண்பன் அப்படித்தான் சேர்ந்தான்.

சுடர்மதி

@மெயின்நதி அந்த நண்பருக்கு அப்போது படிப்பு முடியாமல் இருந்திருக்கும். தம்பிக்கு ஆகஸ்டிலேயே முடிவு வந்துவிட்டது. இறுதி முடிவு தெரிவிக்கப்பட்ட மாதத்தோடு வெர்க்ஸ்டூடன்ட் காப்பீட்டுச் சலுகை முடிந்துவிடும். மாணவர் என்று பதிவு செய்து முழுநேர வேலை வாங்கினால் நாளைக்கு நிரந்தரக் குடியிருப்பு அனுமதி கேட்கும்போது இதே காகிதங்கள் எதிரே வந்து நிற்கும். வேண்டவே வேண்டாம்.

தம்பி, காப்பீட்டு நிறுவனத்திடமும் பேசிவிடுங்கள். மாணவர் கட்டணம் நின்றதும் வேலை தொடங்கும்வரை நீங்களே கட்ட வேண்டியிருக்கும். நடுவில் ஒரு மாதம்கூட விடாதீர்கள், சான்று கேட்பார்கள்.

நெக்கர்க்கரை

சுடர்மதி அக்கா சொன்னதுதான் சரி. இன்னொன்றையும் கவனியுங்கள் தம்பி. விண்ணப்பித்ததும் தொடர்வது பழைய அனுமதி, பழைய நிபந்தனைகளோடு. அதை வைத்துக்கொண்டு முழுநேர வேலையைத் தொடங்க முடியாது. இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

உங்களுக்கு உதவுவது அதே பிரிவு 81இன் உட்பிரிவு 5ஏ. அலுவலகம் சம்மதித்து அட்டையை அச்சிடச் சொல்லிவிட்டால், அந்த நாளிலிருந்தே வேலை செய்யலாம். அட்டை பெர்லினில் அச்சாகி வரச் சில வாரம் ஆகும், அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இதை ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங்கில் எழுதித் தரவும் வேண்டும். கடிதத்தில் பிரிவு எண்ணோடு கேளுங்கள். வேலை தொடங்கும் தேதியைத் தடித்த எழுத்தில் போடுங்கள். கம்பெனியும் தன் கடிதத்தாளில் "நவம்பர் 1 அன்று இவர் எங்களுக்குத் தேவை" என்று ஒரு வரி எழுதினால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

கொங்குத்தம்பி (2025 அக்டோபர்)

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. சொன்னபடியே அனுப்பினேன். ஹெச்ஆர் முகமையின் ஒப்புதலை வாங்கிவிட்டார். நேற்று அலுவலகத்தில் கூப்பிட்டுக் கைரேகை எடுத்து, 13 யூரோ வாங்கிக்கொண்டு ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங் தந்தார்கள். கம்பெனி பெயரைக் குறிப்பிட்டு வேலை அனுமதி என்று எழுதியிருக்கிறது! நவம்பர் 1 சனிக்கிழமை, விடுமுறையும்கூட. அதனால் 3ஆம் தேதி சேரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன், போனிலேயே அழுதுவிட்டார்.

கல்யாணத்துக்கு இதை வைத்து ஊருக்குப் போய் வரலாமா?

நெக்கர்க்கரை

ரொம்ப மகிழ்ச்சி தம்பி. தாளை விரித்து மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள். மூன்று கட்டங்கள் இருக்கும். பழைய அனுமதி தொடர்கிறது என்ற கட்டத்தில், அதாவது 81 உட்பிரிவு 4 என்று எழுதிய இடத்தில், குறி இருந்தால் போய்விட்டுத் திரும்பி வரலாம். உட்பிரிவு 3 என்றால் அதை வைத்துத் திரும்பி நுழைய முடியாது. காலாவதியான அட்டையையும் பாஸ்போர்ட்டையும் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள். தாளின் தேதி நீங்கள் திரும்பும் நாளைத் தாண்டி இருக்க வேண்டும்.

சென்னை கவுன்டரில் இந்தத் தாளைப் பார்த்ததும் சிலர் தயங்குவார்கள். அதனால் வேறு நாட்டில் மாறாமல் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேராக வரும் விமானமாகப் பாருங்கள். அதற்குள் அட்டை வந்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

கொங்குத்தம்பி

உட்பிரிவு 4இல்தான் குறி இருக்கிறது, தேதியும் பிப்ரவரி வரை. இன்றே டிக்கெட் போடுகிறேன் அண்ணா.