மறு: கலைச்சொல் – அரசு-சமய வேறாக்கம்

> மதச்சார்பின்மைன்னு நல்ல சொல் புழக்கத்துல இருக்கே, புதுசு எதுக்கு?

அண்ணாச்சி, வணக்கம். அரசும் சமயமும் தனித்தனியா நிக்கிற ஏற்பாட்டை (separation of church and state) சொல்ல அது போதாதுன்னுதான் எனக்குப் படுது. மதச்சார்பின்மை, அரசு எந்தப் பக்கமும் சாயாம இருக்கிற குணத்தைச் சொல்லுது, நம்ம முகவுரையில 1976-ல 42-வது திருத்தம் வழியா ஏறினதும் அந்த அர்த்தத்துலதான். அமெரிக்கால நாடு உண்டாகும்போது நடந்தது வரியையும் பதவியையும் தொட்ட காரியம். 1784-ல வர்ஜீனியாவுல பேட்ரிக் ஹென்றி கிறிஸ்தவ போதகர்களுக்காக ஒரு வரி போடணும்னு மசோதா கொண்டு வந்தாரு, தன் பணம் எந்தச் சபைக்குப் போகணும்னு கட்டுறவனே சொல்லிக்கிடலாம், அப்படியும் பின்னாடி ஜனாதிபதியான ஜேம்ஸ் மேடிசன் விடல, கடுமையா எதிர்த்து எழுதினாரு, மசோதா படுத்துட்டு. 1786-ல ஜெபர்சன் எழுதின மதச்சுதந்திரச் சட்டம் அங்க நிறைவேறிச்சு. அப்புறம் நாட்டோட சாசனத்துல பதவிக்கு மதம் கேக்கக்கூடாதுன்னு போட்டாங்க, 1791-ல முதல் திருத்தம் வந்துது, அரசு எந்த மதத்தையும் அரசு மதமா நிறுவக்கூடாதுன்னு.

இதுக்குக் குரல் குடுத்தவங்கள்ல பாப்டிஸ்ட்ங்கிற கிறிஸ்தவ சபைக்காரங்க நெறய பேரு, லைசென்ஸ் இல்லாம பிரசங்கம் பண்ணினாங்கன்னு வர்ஜீனியாவுல ஜெயிலுக்குப் போனவங்களும் அவங்கதான். அதனால போன மடல்ல வந்த "சமயநீக்கம்" எனக்கு ஒத்துவரல, பக்தி உள்ளவன் கேட்டு வாங்கினதை நாத்திகமாக்கிரும். "பிரிவினை"ன்னா 1947 வந்து நிக்கும்.

இலங்கைத் தமிழ்ல வலுவேறாக்கம்னு ஒரு சொல் இருக்கு, சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை மூணும் அததோட வரம்புல நிக்கிறதுக்கு. அதே அச்சுல அரசு-சமய வேறாக்கம். அரசும் சமயமும் ரெண்டும் இருக்கும், ஒண்ணு தலையில ஒண்ணு ஏறாது.

நான் தக்கலைக்காரன், எங்க பக்கம் இந்த வித்தியாசம் ரொம்பத் தெளிவாத் தெரியும். 1750-ல மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூர் ராஜ்யத்தையே பத்மநாப சாமிக்கு எழுதி வச்சு, தாசனா நின்னு ஆண்டாரு. பிறகு ஜான் மன்றோங்கிற வெள்ளைக்காரர் திவானா இருந்த காலத்துல கோயில் சொத்தெல்லாம் சர்க்காருக்குள்ள போச்சு. அந்தக் கணக்கு இன்னும் தீரல, 1956-ல குமரி தமிழ்நாட்டோட சேந்தப்ப சாசனத்துல 290-ஏ பிரிவு வந்துது, இந்தப் பகுதிக் கோயில்களுக்காக தேவஸ்வம் நிதிக்கு (கோயில் பராமரிப்பு நிதி) வருஷம் பதிமூன்றரை லட்சம் ரூபாய் தமிழ்நாடு குடுக்கணும். ஒரு மதத்தை வளர்க்கன்னு யார்கிட்டயும் வரி வாங்கக்கூடாதுன்னு சொல்ற 27-வது பிரிவும் அதே சாசனத்துலதான் இருக்கு. நம்ம நாடு மதச்சார்பற்றதுதான், ஆனா இங்க வேறாக்கம் நடக்கல. ரெண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டா இதைத் தமிழ்ல எழுதவே வழியில்ல.

> சரி தம்பி. ஏற்கெனவே இருந்த அரசு மதத்தை எடுத்துவிடுறதுக்கும் வேறாக்கம்தானா?

இல்ல அண்ணாச்சி, அதுக்கு "அரசுமத விலக்கல்" வைக்கலாம். முதல் திருத்தம் அப்போ மத்திய அரசைத்தான் கட்டுப்படுத்திச்சு, மாகாணங்களை இல்ல, மாசசூசெட்ஸ்ல சபைக்கான வரி 1833 வரைக்கும் ஓடிச்சு. அங்க 1833-ல நடந்தது அரசுமத விலக்கல், 1791-ல சாசனத்துல ஏறினது வேறாக்கம். பட்டியல்ல தனித்தனி பதிவாவே போட்டுருங்க.