கால்சியம் இல்லாத கரைசலில் இதயம் மட்டும் ஏன் நிற்கிறது?

உடலியங்கியல் மாணவி:
சென்ற வாரச் செய்முறை வகுப்பில், தவளையின் கெண்டைக்கால் தசையையும் இதயத்தையும் கால்சியம் சேர்க்காத உப்புக் கரைசலில் வைத்தோம். மின்தூண்டல் கொடுத்தபோதெல்லாம் கால்தசை துள்ளிக்கொண்டுதான் இருந்தது; இதயமோ சில நிமிடங்களில் துடிப்பு தளர்ந்து, விரிந்த நிலையிலேயே நின்றுவிட்டது. இரண்டிலும் ஆக்டின் என்ற புரத இழைகளை இழுப்பவை மயோசின் என்ற புரதத்தின் தலைகள்தாம். ஆக்டின் இழைமீதுள்ள ட்ரோபோனின் என்ற புரதத்துடன் கால்சியம் சேர்ந்து, அந்த இழையை மறைத்திருக்கும் ட்ரோபோமயோசினை விலக்கிய பிறகே அந்த இழுவை தொடங்கும். அப்படியிருக்க இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

உயிர்வேதியியல் ஆசிரியர்:
வேறுபாடு இழைகளில் இல்லை. கால்சியம் வந்து சேரும் வழியில் இருக்கிறது. எலும்புத் தசையின் செல்சவ்விலுள்ள கால்சியம் வாயில், மின்னழுத்த மாற்றத்தை உணரும் உறுப்பாகவே முதன்மையாகப் பயன்படுகிறது. அது உருமாறியதும், அதோடு பிணைந்திருக்கும் ரயனோடின் ஏற்பி என்ற கதவு திறந்து, செல்லுக்குள் இருக்கும் கால்சியக் கிடங்கான உள்வலையில் சேமித்திருந்த கால்சியம் கொட்டுகிறது. இதயத் தசையில் அந்தப் பிணைப்பு கிடையாது. வெளியிலிருந்து வாயில் வழியாக நுழையும் சிறிதளவு கால்சியம் ஏற்பியில் ஒட்டினால்தான் உள்ளிருக்கும் சேமிப்பு திறக்கும்.

ஆய்வு மாணவர்:
ஆசிரியர் சொன்னது பாலூட்டிகளுக்கு முற்றிலும் பொருந்தும். தவளைக்கு ஒரு திருத்தம் தேவை. தவளை இதயத்தின் கீழறைச் செல்களில் அந்த உள்வலை மிகக் குறைவு. ஆகவே சுருக்கத்துக்கு வேண்டிய கால்சியத்தின் பெரும்பகுதி நேரடியாக வெளியிலிருந்தே வந்தாக வேண்டும். நீங்கள் பார்த்ததைத்தான் லண்டனில் மருத்துவர் சிட்னி ரிங்கரும் பார்த்தார். சாதாரண உப்புக் கரைசலிலேயே தவளை இதயம் நன்றாகத் துடிக்கிறது என்று முதலில் எழுதிய அவர், அக்கரைசல் வாலைவடிநீரில் அல்ல, குழாய்நீரில் தயாரிக்கப்பட்டிருந்ததைப் பிறகு அறிந்து, 1883இல் தம் முடிவைத் திருத்தினார். துடிப்பைக் காத்தது குழாய்நீரிலிருந்த கால்சியம்!

உடலியங்கியல் மாணவி:
இருவருக்கும் நன்றி. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியிலிருந்து கால்சியம் நுழைந்தால், அது உள்ளே சேர்ந்துகொண்டே போகாதா?

உயிர்வேதியியல் ஆசிரியர்:
தவளை பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். உள்ளே நுழைந்த அளவு, சோடியம்–கால்சியம் பரிமாற்றி வழியாகப் பெரும்பாலும் வெளியேறிவிடும். மூன்று சோடியம் அயனிகள் உள்ளே வர, ஒரு கால்சியம் அயனி வெளியே போகும். உள்வலையிலிருந்து கொட்டியதை, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி செலவில் ஒரு பம்பு உள்வலைக்கே திருப்புகிறது. அகற்றப்படும் மொத்தக் கால்சியத்தில் இப்படித் திரும்பும் பங்கு முயல் இதயத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு, எலியில் 92. இதய நோய்க்குத் தரப்படும் டிகாக்சின் மருந்து, சோடியத்தை வெளியேற்றும் பம்பைத் தடுப்பதால் செல்லுக்குள் சோடியம் கூடுகிறது, பரிமாற்றி மந்தமாகிறது, தங்கிவிடும் கால்சியம் அடுத்த சுருக்கத்தை வலுவாக்குகிறது.