அப்பாவின் நடையும் மறதியும்: கொக்குவில் பக்கம் பிசியோ யாராவது?

அப்பாவுக்கு 71 வயது, இதயச் செயலிழப்பு. கடைசி எக்கோவில் (இதய ஸ்கேன்) இ.எஃப்., அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் வீதம், 35%. மாசியிலிருந்து நடை தளர்ந்துவிட்டது. படலை வரை போய் வரவே மூச்சு வாங்குகிறது. அதோடு மறதியும். போன கிழமை கோயிலுக்கென்று வெளிக்கிட்டவர் ஒழுங்கை முடக்கில் நின்று எந்தப் பக்கம் என்று கேட்டார். நாற்பது வருடம் நடந்த ஒழுங்கை!

தைரொயிட், பி12, சோடியம் எல்லாம் சரி. பிரஷர் இறங்குகிறதென்று கிளினிக்கில் ஒரு மாத்திரையைக் குறைத்தார்கள், மாற்றமில்லை. கண்ணாடியும் புதிது. மெல்ல மெல்ல நடக்கப் பழக்கச் சொல்கிறார் டொக்டர். சரி, ஆனால் எவ்வளவு தூரம், எங்கே நிறுத்துவது? எங்களுக்குப் பிடிபடவில்லை.

இதய நோயாளிகளுக்கு நடைப்பயிற்சி கொடுத்துப் பழகிய, கொக்குவிலுக்கு வீட்டுக்கே வரக்கூடிய பிசியோதெரபிஸ்ட் யாரையாவது தெரியுமா?