பாவத்தைத் தேடி வந்தவரும் பக்கத்தில் உட்கார்ந்தவரும்

கஷ்டகாலத்தில் உங்கள் விசுவாசத்தைத் தாங்கிப்பிடித்த, அல்லது ஆட்டிவைத்த ஒரு மனுஷரைப் பற்றி எழுதுங்கள். பிரசங்கம் வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள். "சுகமானேன், ஸ்தோத்திரம்" என்று முடிகிற சாட்சியாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. என்னுடையதே அப்படி முடியவில்லை.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து டயாலிசிஸ் தொடங்கியிருந்த நேரம். கையில் பஞ்சும் பிளாஸ்திரியுமாக வீட்டுக்கு வந்து படுத்தால் பேசக்கூடத் தெம்பிருக்காது. அப்படி ஒரு நாள் ஜெபிக்க வந்த ஊழியக்காரர், கண்ணை மூடுவதற்கு முன்னால் கேட்டார்: "பிரதர், அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது உள்ளே இருக்குதா? அது தடையா இருக்கும்."

ஜெபித்துவிட்டு அவர் போய்விட்டார். கேள்வி போகவில்லை. இவர் ராத்திரி ராத்திரியாகத் தோண்ட ஆரம்பித்தார். பரீட்சையில் பார்த்து எழுதியது, அப்பாவின் சட்டைப்பையில் கை வைத்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழுவார். அடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் எவ்வளவு என்றுதான் முதலில் பார்ப்பார். இறங்கவில்லை என்றால் இன்னொரு பாவத்தைத் தேடுவார்.

பிறகு வந்தவர் எங்கள் சபை மூப்பர், வயதானவர். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. இவர் தன் பட்டியலை ஒப்பிக்கத் தொடங்க, குறுக்கிடாமல் கேட்டு முடித்துவிட்டு லூக்கா 13-ஐத் திறந்தார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்துப்போன இடம். செத்தவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்கிறார். அப்படியல்ல என்றும் அவரே சொல்கிறார். சொன்ன கையோடு, நீங்கள் மனந்திரும்பாவிட்டால் கெட்டுப்போவீர்கள் என்று எச்சரிக்கவும் செய்கிறார். "தம்பி, ஆண்டவர் ரெண்டையும் சொல்லியிருக்காரு. கோபுரம் ஏன் விழுந்துச்சுன்னு உன் பாவத்துல தேடாதே. மனந்திரும்ப வேண்டியது இருந்தா, அதுக்காகவே மனந்திரும்பு" என்றார் பெரியவர்.

அடுத்து தைரியமூட்டுகிற வசனம் ஏதாவது வாசிப்பார் என்று பார்த்தேன். அவர் எடுத்தது 88-ஆம் சங்கீதம். புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. சிநேகிதனையும் தூரமாக்கினீர், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று அங்கேயே நின்றுவிடும். ஆனாலும் முதல் வரியில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் கூப்பிடுகிறது. "இப்படிப் பேசுறதையும் வேதத்துல வெச்சிருக்காங்க பாரு" என்றார். அன்றைக்கு அவர் சொன்ன ஆறுதல் அவ்வளவுதான்.

அதன்பிறகு ரிப்போர்ட்டையும் பாவத்தையும் கோத்துப் பார்ப்பதை இவர் விட்டுவிட்டார். சொத்துத் தகராறில் பேச்சு அறுந்திருந்த அண்ணனுக்கு போன் போட்டதும் அதற்கப்புறம்தான். கிரியாட்டினின் இறங்க வேண்டும் என்பதற்காகப் போட்ட போன் இல்லை அது. டயாலிசிஸ் இன்றைக்கும் நடக்கிறது.

* * *

நான் கத்தோலிக்கன். என்னைத் தேடி வந்த ஆள் ஆறுதல் சொல்ல வந்தவர் இல்லை. என் கஷ்டத்துக்கே காரணமானவர். கூட்டாகத் தொழில் செய்தோம். கணக்கில் கைவைத்து, தொழில் படுத்து, கடனெல்லாம் என் தலையில் விழுந்தது. பல வருஷம் கழித்து வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு நோட்டு.

பாவசங்கீர்த்தனம் செய்ய, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிட, போனாராம். மன்னிப்பு உண்டு, ஆனால் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஃபாதர் சொல்லிவிட்டாராம். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 1459-ஆம் எண்ணில் இது தெளிவாகவே இருக்கிறது: பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கும்; பாவம் உண்டாக்கிய சேதத்தை எல்லாம் சரிசெய்துவிடாது. திருடிய பொருளைத் திருப்பித் தரச் சொல்வது அங்கே உதாரணமாகவே வருகிறது.

"பைபிள்ல வர்ற வரி வசூல்காரன் சக்கேயு மாதிரி நாலு மடங்கு தர வழியில்லை. லேவியர் புத்தகத்துல சொன்னபடி முதலோட அஞ்சில் ஒரு பங்கு சேத்திருக்கேன்" என்றார். (எங்களில் லேவியர் புத்தகம் வரை படிப்பவர்கள் குறைவு. மனுஷன் நிஜமாகவே தேடியிருக்கிறார்.) நோட்டைப் புரட்டினேன். எனக்குத் தெரிந்த தொகைகளோடு, எனக்குத் தெரியவே தெரியாத தொகைகளும் தேதிவாரியாக இருந்தன. மறைத்திருந்தால் ஜென்மத்துக்கும் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

அவரை உள்ளே வந்து உட்காரச் சொல்லவில்லை. எண்ணி வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். மன்னித்துவிட்டாயா என்று கேட்டால், இயேசு கற்பித்த செபத்தில் "எங்களுக்கு எதிராகக் குற்றம் செய்வோரை நாங்கள் பொறுப்பது போல" என்ற இடம் வரும்போது இன்னும் தொண்டை அடைக்கத்தான் செய்கிறது. ஆனால் மனந்திரும்புதல் என்றால் அழுகை மட்டும்தான் என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

* * *

முதலில் எழுதிய சிஸ்டர் தப்பாக நினைக்க வேண்டாம். அந்த ஊழியக்காரரை ஒரேயடியாக ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. யோவான் 5:14-இல் சுகமானவனைப் பார்த்து, "அதிகக் கேடானதொன்றும் உனக்கு வராதபடி இனிப் பாவஞ்செய்யாதே" என்று இயேசுவே சொல்கிறார். என் கல்லீரல் கெட்டது குடியால்தான். டாக்டரும் அதைத்தான் சொன்னார், பாஸ்டரும் அதைத்தான் கேட்டார்.

* * *

பிரதர், உங்கள் பாஸ்டருக்கு உங்களைத் தெரியும், நீங்கள் குடித்ததும் தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்தவருக்கு இவரைப் பற்றி என்ன தெரியும்? இருட்டில் கல்லெறிந்தார். யோவானிலேயே நாலு அதிகாரம் தள்ளிப் பாருங்கள். பிறவிக்குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்க, இவன் செய்ததும் அல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்ததும் அல்ல என்கிறார். எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் சிநேகிதரும் 7 நாள் தரையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்தவரை நல்ல சிநேகிதர்தான். காரணம் சொல்லக் கிளம்பிய பிறகுதான் வினை. என்னைக் குறித்து நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று கடைசி அதிகாரத்தில் கர்த்தரிடமே வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

* * *

ஒத்துக்கொள்கிறேன் சிஸ்டர். ஆனால் எங்கள் பாஸ்டர் முகத்துக்கு நேரே கேட்டிருக்காவிட்டால் நான் இன்னும் குடித்துக்கொண்டுதான் இருப்பேன். அதுவும் இங்கே இருக்கட்டும்.