சட்டைப்பை டார்ச்: தட்டினால் மோடு மாறுகிறது, ஸ்விட்சை மாற்றத்தான் வேண்டுமா?

வணக்கம் நண்பர்களே. ஏஏ பேட்டரியும், அதே அளவுள்ள 14500 லித்தியம் செல்லும் ஏற்கும் சின்ன டார்ச் ஒன்றைச் சோதிக்கிறேன். 4.18 வோல்ட் இருக்கும் 14500 போட்டு ஹையில் வைத்தால், உள்ளங்கையில் லேசாகத் தட்டினாலே லோவுக்குத் தாவுகிறது. அரை அழுத்தில் மோடு மாறும் வகை இது. மின்சாரம் கண நேரம் விட்டுப்போனாலும் டிரைவர் (உள்ளே வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) அதை விரல் அழுத்தாகவே எடுத்துக்கொள்ளும்.

பார்த்தவை: ஸ்விட்ச் இருக்கும் வால் மூடியைக் கழற்றி, செல்லின் அடிப்பக்கத்தையும் குழாயின் வெறும் விளிம்பையும் தடித்த செம்புக் கம்பியால் இணைத்தால் வெளிச்சத்தில் துளி நடுக்கம் இல்லை. ஆகவே தலைப்பக்கத்தில் கோளாறு இல்லை. (மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்து இணைக்காதீர்கள்; அதன் ஒயரே மின்தடையைக் கூட்டிவிடும்.) மூடிக்குள் இருக்கும் பூட்டு வளையத்தை மூக்குக் குறடால் இறுக்கியாச்சு. மரையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தாச்சு. அப்படியும் ஸ்விட்ச் ஆனில் மூடியின் மின்தடை 0.4 ஓம், ஸ்பிரிங் 0.1, மீதி ஸ்விட்ச். 2 ஆம்பியர் ஓடினால் 0.8 வோல்ட் அங்கேயே போய்விடும்!

ஸ்விட்சுக்குள் கான்டாக்ட் கிளீனர் விட்டவர்கள் யாராவது உண்டா? எத்தனை மாதம் தாங்கியது? மாற்றுவதென்றால், பிளாஸ்டிக் உடம்பு உருகாமல் ஈயப்பற்று வைக்க என்ன வெப்பம், எத்தனை நொடி? ஸ்பிரிங்கின் மின்தடையைத் தவிர்க்க அதன் இரு முனைகளையும் இணைத்துப் பற்றவைக்க 22 கேஜ் சிலிகான் ஒயர் போதுமா? ஸ்பிரிங் சுருங்கும்போது ஒயர் மடங்கி ஓரத்தில் உரசுமோ என்பதுதான் என் கவலை.