பட்ஜிக்குக் கூண்டு வாங்கிய அனுபவங்கள்: உயரத்தை விட நீளம் முக்கியம்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பட்ஜி என்கிற சின்ன ஆஸ்திரேலியக் கிளிகள் விற்கும் பக்கம் போனால் ஒன்றைக் கவனிக்கலாம். பச்சையா, நீலமா, மஞ்சளா என்று பறவையை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள், கூண்டு என்று வந்ததும் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நான் போனபோதும் அவர் முதலில் இறக்கிக் காட்டியது, கோயில் கோபுரம் மாதிரி மேலே குவிந்த ஒரு வட்டக் கூண்டு. ஹாலில் தொங்கவிட்டால் எடுப்பாக இருக்கும் என்றார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கையோடு கொண்டுபோன டேப்பால் மற்ற கூண்டுகளை அளக்க ஆரம்பித்தேன்.

பட்ஜியின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுச் சமவெளி. தண்ணீரும் புல் விதையும் தேடிக் கூட்டம் கூட்டமாக நெடுந்தூரம் பறக்கும் பறவை அது. 1840-இல் ஜான் கூல்ட் என்ற ஆங்கிலேயப் பறவை ஆய்வாளர் இங்கிலாந்துக்கு உயிரோடு கொண்டுபோன பிறகுதான் உலகம் முழுக்க வீடுகளுக்குள் வந்தது. அது நேர் மேலே எழும்பிப் பறப்பதில்லை, பக்கவாட்டில்தான் பறக்கும். அலகிலிருந்து வால் நுனி வரை சுமார் 18 செ.மீ. இருக்கும், இறக்கையை விரித்தால் ஓர் அடி வரும். அப்படியென்றால் ஓர் அடி அகல வட்டக் கூண்டில் அது உட்காரலாம், சாப்பிடலாம், அவ்வளவுதான். உயரம் மூன்று அடி இருந்தாலும் அந்த உயரத்தால் அதற்குப் பயனில்லை.

ஒரு ஜோடிக்கு 30 அங்குல நீளம், 18 அங்குல அகலம், 18 அங்குல உயரம் இருந்தால் சரி. இன்னும் பெரிதாகக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். நான் வாங்கியது இந்த அளவுதான். கொண்டுவந்து விட்டதும் இரண்டும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மாலை வெயில் இறங்கிய பிறகு சேவல் மட்டும் எதிர்க்குச்சிக்குத் தாவியது. இடையில் இரண்டு மூன்று தடவை இறக்கை அடித்துத்தான் போய்ச் சேர முடிந்தது. அப்புறம் திரும்பி வந்தது, மறுபடி போனது. இருட்டும் வரை அதையே செய்துகொண்டிருந்தது. பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கம்பி இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. இதில் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பச்சைக்கிளி வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்றாலும், பழைய கிளிக்கூண்டுகள் இன்னும் பல வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. 'சும்மாதானே இருக்கிறது, எடுத்துக்கொள்' என்று உறவுக்காரர்கள் ஆசையாகக் கொடுப்பார்கள். அவற்றில் கம்பி இடைவெளி பெரிது, பட்ஜி தலையை விட்டு மாட்டிக்கொள்ளும். கம்பிகள் சில பக்கங்களிலாவது படுக்கைவாட்டில் ஓட வேண்டும், அலகால் கவ்விக் காலை மாற்றி மாற்றி வைத்து ஏற அதுதான் வசதி.

கூண்டோடு வந்த வழவழப்பான பிளாஸ்டிக் குச்சிகளைக் கழற்றிவிட்டு, மருந்து அடிக்காத கொய்யாக் கிளைகளை வெட்டி, வெந்நீரில் கழுவிக் காயவைத்துக் கட்டினேன். ஒரே பருமனான குச்சியில் நாள் முழுக்க உட்கார்ந்தால் பாதத்தில் ஒரே இடம் அழுந்திப் புண்ணாகும். கிளை என்றால் ஓரிடத்தில் தடியாக, ஓரிடத்தில் மெலிசாக இருக்கும், பிடி மாறிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டுக் கப்புக்கு நேர் மேலே மட்டும் குச்சி வைக்காதீர்கள், எச்சம் தினையில் விழும்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

———

அண்ணா, நாங்கள் மதுரை. நீளக் கூண்டு தேடி அலைந்தும் கிடைக்காமல் கடைசியில் வெல்டிங் பட்டறையில் செய்யச் சொன்னோம். அரை அங்குல ஜி.ஐ. வெல்ட் மெஷ் (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி வலை), நாலு அடி நீளம், அடியில் இழுக்கிற ட்ரே. பட்டறைக்காரர் நன்றாகவே செய்து கொடுத்தார். பறவையை விடுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் படத்தைக் காட்டினேன். அவர் முதலில் கேட்டதே, 'வலையைத் தேய்த்தீர்களா?' என்றுதான்.

ஜி.ஐ. கம்பியின் மேல்பூச்சு துத்தநாகம். கம்பிகள் சேரும் இடங்களில் அது சின்னச் சின்ன முடிச்சாகத் திரண்டு நிற்கும். விரலை ஓட்டினால் நெருடும். பட்ஜி ஏறும்போதெல்லாம் அலகால்தான் பிடிக்கும், அந்த முடிச்சைக் கொறித்துக்கொண்டே இருக்கும். துத்தநாகம் உள்ளே போனால் விஷம். சோர்ந்து உட்காரும், எச்சம் தண்ணீராகப் போகும், கவனிக்காவிட்டால் உயிரே போய்விடும். அதனால் முடிச்சுகளை அரத்தால் ராவி, கம்பி பிரஷும் வினிகரும் வைத்து முழுக் கூண்டையும் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, மொட்டை மாடியில் வெயிலிலும் மழையிலும் கிடக்கவிட்ட பிறகுதான் பறவைகளை விட்டோம். இதனால் ஆபத்து குறையும், முழுக்கப் போய்விடாது. வசதி இருப்பவர்கள் துருப்பிடிக்காத எஃகிலேயே செய்துவிடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் இந்தக் கவலை இருக்காது.

———

கதவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மேலே தூக்குகிற கதவு உள்ள கூண்டு என்றால் கட்டாயம் ஒரு கொக்கி போடுங்கள். எங்கள் வீட்டுப் பட்ஜி கதவின் அடிக்கம்பியை அலகால் கவ்வித் தூக்கி, இடைவெளியில் தோளை நுழைத்து வெளியே வந்துவிடும். சன்னல் சாத்தியிருந்ததால் பிழைத்தது. வெளியே போயிருந்தால் காக்கை விட்டிருக்காது. சாவிக்கொத்து வளையமே போதும். கப் மாட்டுகிற சின்னக் கதவுகளுக்கும் போடுங்கள்.

———

கோவையிலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் கூண்டைச் சொன்னீர்கள், அதை எங்கே வைப்பது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். எதிர்வீட்டில் சமையலறையை ஒட்டித்தான் கூண்டை வைத்திருந்தார்கள். ஒரு நாள் நான்ஸ்டிக் தோசைக்கல் வெறுமனே அடுப்பில் இருந்து அதிகமாகக் காய்ந்துவிட்டது. மனிதர்களுக்கு லேசான நெடிதான். இரண்டு பறவைகளும் சற்று நேரத்தில் கீழே விழுந்துவிட்டன. அந்த அக்கா அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. அந்தப் பூச்சு அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகையைப் பறவையின் நுரையீரல் தாங்காது. கூண்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சமையலறைப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

ஒரு பக்கம் சுவர் இருக்கிற மாதிரி, நம் கண் மட்டத்தில் வையுங்கள். நாலு பக்கமும் திறந்திருந்தால் அது பயந்துகொண்டே இருக்கும். காலை வெளிச்சம் வரட்டும், நடுப்பகல் வெயில் நேராக விழக் கூடாது. ஏ.சி. காற்றும் நேரே படக் கூடாது. கூண்டைத் திறந்து அறைக்குள் பறக்க விடுபவர்கள் முதலில் சீலிங் ஃபேனை நிறுத்துங்கள்.

இன்னொன்று, கடையில் கூண்டோடு மண்பானையும் கட்டிக் கொடுப்பார்கள். அது தூங்க இடம் என்று பலர் நினைக்கிறார்கள். பட்ஜிக்கு அது முட்டை இடும் இடம், தூங்க அதற்குக் குச்சி போதும். பானை இருந்தால் பெட்டை விடாமல் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும், உடம்பில் சுண்ணாம்புச் சத்து தீர்ந்து மெலிந்துவிடும். குஞ்சு வேண்டாம் என்றால் பானையை எடுத்துவிடுங்கள். சுண்ணாம்புச் சத்துக்குக் கடல் நுரை (கணவாய் மீனின் ஓடு) ஒன்று மட்டும் எப்போதும் கம்பியில் மாட்டியிருக்கட்டும்.

———

மதுரை அக்காவுக்கு ஒரு கேள்வி. வினிகர் என்றால் மளிகைக் கடையில் விற்கிறதா, வேறா? தேய்த்த பிறகு பெயின்ட் அடிக்கலாமா?

———

மளிகைக் கடை வெள்ளை வினிகர்தான் தம்பி. கையுறை போட்டுக்கொண்டு வெளியில் வைத்துத் தேய்க்க வேண்டும். பெயின்ட் அடிக்காதீர்கள், அதையும் கொறித்துத் தின்னும். நிறம் வேண்டும் என்றால் நல்ல பவுடர் கோட்டிங் செய்த கூண்டாக வாங்கிவிடுங்கள். அதிலும் பூச்சு எங்கேயாவது உரிய ஆரம்பித்தால் மாற்றிவிட வேண்டும்.